சீமெந்துப் படியில் ஏறிய குடம்பி

என் செல்லத் தம்பி ஹனீபா,

நீ மௌத்தாகி ஒரு மாரி கடந்துவிட்டது. இறந்தவர்களுக்கு எதுவும் போய்ச் சேரும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அது உனக்குத் தெரியும். ஆனாலும் இதை வேறு யாரிடம் சொல்ல?

கல்லோயா வாய்க்கால் தண்ணீர் இந்தப் போகம் நம் வயலுக்கும் வந்தது. வீட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளிவாசல் குளத்துக்கு நாலு பக்கமும் சீமெந்துப் படி கட்டியாயிற்று. உன் பெயரில்தான். உனக்கு நிலைத்த தருமமாக இருக்கட்டுமென்று உம்மா கட்டுவித்தார்.

நாம் நீர்வண்டின் குடம்பிகளை, வண்டாகுமுன் உள்ள அந்தப் புழுக்களை, பார்த்திருந்த அதே குளம். வால் நுனியை நீர்மட்டத்தில் வைத்து, தலைகீழாகத் தொங்கி மூச்செடுக்கும். தவளைக் குஞ்சான வால்பேத்தையைக் கவ்வினால், துளையுள்ள தாடைகளாலேயே சாற்றை உறிஞ்சிவிடும். "வாயத் தொறக்காமலே தின்னுது ராத்தா. நம்மட மாமாக்கு இந்த மரியாத தெரியுமா?" என்றாய். நான்கூடச் சிரித்தேன்.

வளர்ந்த குடம்பி கரையேறி, ஈரமண்ணைக் குடைந்து, அதற்குள் இருந்துதான் வண்டாக மாறும். அதனால் ஒரு பக்கத்தையாவது மண்ணாக விடச் சொல்லி உம்மாவைக் கேட்டேன்.

"புழுவுக்காகவா மகள், உன்ட தம்பிட நன்மையக் கொறைக்கச் சொல்றாய்? தொழுகைக்கு ஒளு எடுக்கிற ஒவ்வொருத்தரும் அவனுக்குத் துஆக் கேப்பாங்க."

பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவரிடம் நான் விலங்கியல் பேசுவதா?

போன கிழமை ஒரு குடம்பி படியில் ஏறிக் கிடந்தது. தலையால் சீமெந்தை முட்டிக்கொண்டேயிருந்தது. ஒரு தட்டில் சேறு கொண்டுவந்து அதில் விட்டேன். குடையவில்லை, முட்டி முட்டியே ஓய்ந்திருக்க வேண்டும். மதியம் லுஹர் பாங்கு சொல்லும்போது அசைவு நின்றுவிட்டது. வயலிலிருந்து வண்டுகள் இன்னும் பறந்து வருகின்றன, இங்கே முட்டையிடுகின்றன. அவற்றின் பிள்ளைகள் எங்கே போகும்?

பின்னேரம் அஸர் பாங்கு சொன்னதும் உம்மா பின்வாசலில் இருந்து, ஒளு எடுப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நேற்று என்னைக் கூப்பிட்டார்.

"குளம் இப்ப வடிவா இரிக்கிதான? அவன் கண்டா சந்தோசப்படுவான் என்ன?"

"ஓம் உம்மா," என்றேன்.

அவர் முகம் தெளிந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். உன் ஜனாஸா போன நாளிலிருந்து நான் காணாத முகம்.

ஆகவே, தம்பி, உம்மா இருக்கும்வரை அந்தப் படிகளை ஒருவரும் தொட விடமாட்டேன். அவருக்குப் பின் நான் இருந்தால், ஒரு பக்கத்தை உடைத்து மண்ணைத் திறப்பேன். அன்றைக்கு ஏறிவர ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று மட்டும் என்னிடம் கேட்காதே.

உம்மாவுக்கு இப்போது மிஞ்சியிருக்கும் ஒரே பிள்ளை,
உன் ராத்தா