அரை மோரினி

செப்டம்பர் 13, ஞாயிறு

இமோலாவில் நடக்கும் பழைய உதிரிபாகச் சந்தையிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். மோரினி 175 மோட்டார் சைக்கிளுக்குரிய எஞ்சின் ஒன்று கிடைத்துவிட்டது. விற்றவர் மோடெனாக்காரர். "ஒரு சாமியார் ஓட்டின வண்டிம்மா. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போய்வர மட்டுந்தான்" என்றார். மூடியைத் திறக்கச் சொன்னேன். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, அவர்கிட்ட காட்டுறேன்." எனக்கு வீட்டுக்காரர் இல்லை என்பதையும், வால்வு இடைவெளி எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் தெரிவித்தேன். திறந்தார். குறை எதுவும் தென்படவில்லை.

அடுத்த ஜூன் முதல் ஞாயிறன்று ஊர்ச் சதுக்கத்திலிருந்து பழைய மோட்டார் சைக்கிள்கள் பிரிசிகெல்லா மலைக்குப் புறப்படும்போது, சாலையோரம் நின்று கையசைப்போருள் நான் இருக்கப் போவதில்லை. இது உறுதி.

செப்டம்பர் 19

எஞ்சினின் அடிப்புறத்தை மண்ணெண்ணெயில் கழுவினேன். பெயிண்ட் உரிந்தது. பெயிண்டுக்கு அடியில் பசை. பசைக்கு அடியில் விரல் நீளத்துக்கு விரிசல். அந்தச் சாமியார் எதன்மீது மோதினாரோ.

செப்டம்பர் 23

வெல்டிங் பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். செய்தி எனக்கு முன்பாகத் தம்பியின் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் அழைக்கும் லெயார்கோ இன்று தொலைபேசினான், வழக்கம்போல் என் புத்தகப் பேச்சைக் கேலி செய்தபடி.

"என்ன புரொபசரம்மா, ஓட்டைச் சட்டி வாங்கிட்டு வந்தியாமே? என் எஞ்சின் இன்னைக்கும் ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுது."

அவன் எஞ்சினாம்!

அப்பா விட்டுச் சென்றது ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பிள்ளைகள். நான் விட்டுக்கொடுக்கவில்லை, அவனும்தான். அடக்கம் முடிந்த அதே வாரம் அவன் ஸ்பானரோடு வந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனான். ஃபிரேம், சக்கரங்கள், டாங்க், இருக்கை என் பங்கு. என் பங்கை வெள்ளைத் துணியால் போர்த்தி, ஈஸ்டர்தோறும் துடைத்து வைத்தேன். அவனோ தன் பங்கை பீச் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கப் பூட்டினான். அப்பாவின் மோரினியைக் கொண்டு தண்ணீர் இறைப்பவனிடம் போய் நான் கையேந்துவதா?

அக்டோபர் 11

டாங்கினுள் பழைய சங்கிலியும் வினிகரும் இட்டுக் குலுக்கினேன். செந்நிறச் சேறு வந்துகொண்டே இருக்கிறது. வெளியே பளபளவென்று வைத்திருந்தேன்; உள்ளே பார்த்தேனில்லை. சக்கர பேரிங்குகளும் இறுகிப் போயிருக்கின்றன.

அக்டோபர் 25

தோட்டத்திற்குச் சென்றேன். கண்ணியமான நான்கு வாக்கியங்களை வழியெல்லாம் மனத்தில் அடுக்கிக்கொண்டு போனேன். அவனைப் பார்த்ததும் வாயில் வந்தது, "எஞ்சினைக் குடுடா."

"பம்பு இல்லாம நான் என்ன, வாயால உறிஞ்சி மரத்துக்குத் துப்பவா?"

கொட்டகைக்குள் எஞ்சினைக் காட்டினான். ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டுமென்றே குனிந்தேன். சேறு அப்பியிருந்தது, ஆனால் எண்ணெய் தேனைப் போல் தெளிவு. நின்ற இடத்தில் ஓடினால் சூடேறி வெந்துவிடும் என்று ஃபியட் காரின் விசிறி ஒன்றை அதே பெல்ட்டில் மாட்டியிருக்கிறான். எனக்கு இது தோன்றியிருக்காது. அவனிடம் சொல்லவில்லை.

அவன் மனைவி லொரேதானா சுடச்சுடப் பியாதினா ரொட்டியும் பன்றி இறைச்சியும் கொண்டுவந்து வைத்தாள். "நீவெஸ் அண்ணி, நான் ஒண்ணு சொல்லட்டா? உங்க ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து ஒரு வண்டி இருக்கு. தனித்தனியாப் பார்த்தா ரெண்டு குப்பை."

இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு தின்றோம்.

கடைசியில் அவனே சொன்னான்: "பனிக்காலத்துல எனக்குத் தண்ணி வேணாம். எடுத்துக்க. மே கடைசி சனிக்கிழமை இங்க வந்து நிக்கணும்."

ஊர்வலம் ஜூனில் என்றேன்.

"அது மரத்துக்குத் தெரியுமா? மழை பெஞ்சா வச்சுக்க. பெய்யலைன்னா கொண்டா."

ஒப்புக்கொண்டேன். மே மாதத்தில் மழை பெய்யாமலா போய்விடும்?

டிசம்பர் 6

நான் வேலை பார்க்கும் செருப்புப் பட்டறையில் மிஞ்சிய கன்றுத் தோலில் இருக்கை உறை தைத்தேன். இரட்டைத் தையல். கடையில் இப்படி வாங்க முடியாது.

ஜனவரி 30

கார்புரேட்டரின் மிதவை ஓட்டை. எங்கும் கிடைக்கவில்லை. லெயார்கோ தன் தகரப்பெட்டியில் தேடி ஒன்று கொண்டுவந்தான். "கேக்குறதுக்கு உனக்கு நாலு நாள் ஆகுதுக்கா" என்றான். அது பொய். ஆறு நாள்.

மார்ச் 14

ஓடியது!

இரண்டாம் உதையில். அவன் எதிரே நின்று பார்த்ததால்தான் முதல் உதை தவறியது, ஒரே உதையில் ஓடியதாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். தெருமுனைவரை போனேன். இந்த வண்டியில் கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. மனத்திற்குத் தெரிந்திருந்தது, காலுக்குத் தெரியவில்லை. குப்பைத்தொட்டியில் போய் நின்றேன். "பாடம் படிச்சவங்க ஓட்டுறதைப் பாருங்கப்பா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான், கழுதை.

மே 16

மழை இல்லை.

மே 27

மழை இல்லை. கால்வாயோரம் மண் வெடித்துக் கிடக்கிறது. ஒரே ஒரு வாரம் தவணை கேட்கலாம். மரங்களில் காய் பிடித்திருக்கும் சமயம் இது, கேட்பது முறையன்று. கேட்கமாட்டேன்.

மே 29, சனி

காலையில் துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு ஸ்பானரை எடுத்தேன். முதல் போல்ட்டைத் தளர்த்தும்போது தொலைபேசி.

"அக்கா, கழட்டிட்டியா?"

"ஆரம்பித்திருக்கிறேன்."

"நிறுத்து. இங்க ராத்திரியெல்லாம் கொட்டு கொட்டுன்னு கொட்டிருச்சு. பம்பே வேணாம்."

அவன் தோட்டம் இங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தொலைவு. சன்னல் வழியே பார்த்தேன். கண்ணுக்கெட்டிய மட்டும் மேகமே இல்லாமல் வெயிலில் வெளுத்த வானம். விரிப்புகள் அதற்குள் காய்ந்து மொடமொடத்துவிட்டன.

"மிக்க மகிழ்ச்சி" என்றேன்.

போல்ட்டை மறுபடி இறுக்கினேன்.

ஜூன் 6, ஞாயிறு

பிரிசிகெல்லாவரை ஓட்டினேன், திரும்பியும் ஓட்டினேன். கடைசி ஏற்றத்தில் இரண்டாம் கியர் சற்று முனகியது, குறித்துக்கொள்ள வேண்டும்.

சதுக்கத்தில் லெயார்கோவும் லொரேதானாவும் நின்று கையசைத்தார்கள். அவன் உள்ளங்கைகளில் வாளிக் கம்பி அறுத்த கொப்புளங்கள். காலணியில் வெள்ளைப் புழுதி.

"மழை நல்லா பெஞ்சுதா?" என்று கேட்டேன்.

"வெள்ளம்க்கா" என்றான்.

நாளை விடிந்ததும் எஞ்சினைக் கழற்றித் தோட்டத்தில் சேர்க்க வேண்டும். அவன் கேட்கவில்லை.