காலின் மேல் போட்ட பழி

அன்புத் தம்பிக்கு,

இங்கே ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. பேச்சுத்துணைக்குப் பக்கத்துக் கட்டில்காரர் இருந்தார். அவரும் நம்மைப் போலக் கல் அறுத்தவர்தான்.

நேற்று என்னை நகராத சைக்கிள் ஒன்றில் உட்காரவைத்தார்கள். முகமூடி மாட்டி, தொடையில் ஒரு கருவியை ஒட்டி, மிதிக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்திலேயே கால் கல்லாகிவிட்டது.

"மூச்சு தாங்குது டாக்டர். இந்தக் காலுதான் சரியில்ல."

"காலைக் குத்தம் சொல்லாதீங்க. மூச்சு இழுக்கவே உங்க நெஞ்சுத் தசை மாடா உழைக்குது. ரத்தத்தையெல்லாம் அது பிடுங்கிக்குது. காலுக்கு ரத்தமும் பத்தல, ஆக்சிஜனும் பத்தல."

பாவம், இந்தக் காலை எத்தனை வருடம் திட்டியிருப்பேன். தைலம் தேய்த்தேன், செருப்பை மாற்றினேன். பட்டறையில் விழுங்கி நெஞ்சில் படிந்த கல் தூசியை மட்டும் சந்தேகப்படவில்லை.

பட்டறைப் படி ஏறினால் கால் கடுக்கிறது, வயதாகிவிட்டது என்று போன கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருந்தாய். என் தைலத்தின் பெயரையும் கேட்டிருந்தாய்.

அதை எழுதமாட்டேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. காலைக் காட்டாதே, நெஞ்சைக் காட்டு.

பக்கத்துக் கட்டில்காரரும் கடைசி மூச்சுவரை காலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

உன் அண்ணன்