ஒரு மாதம் காய வேண்டிய சோப்பு

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். முதுகு அரிப்பு குறைந்ததா?

சனிக்கிழமை மகள், மருமகன், பேத்தி, நான் எல்லோரும் சேர்ந்து முதல்முறையாக வீட்டிலேயே சோப்பு செய்தோம். தேங்காயெண்ணெயில் காஸ்டிக் சோடாத் தண்ணீரை ஊற்றியது நான்தான். கையில் ஒரு சொட்டுத் தெறித்தது. பயப்படாதீர்கள், ஆறிவிட்டது. முதல் கட்டி உங்கள் முதுகுக்கு.

"ஒரு மாசம் காயணும்மா. இல்லேன்னா தோலை உரிச்சிடும்" என்றாள் மகள்.

"சரிடி, அடுத்த மாசம் ஊருக்குப் போறப்ப கையோட கொண்டு போறேன்."

மருமகன் நெளிந்தார். "டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாச்சு அத்தை. பாப்பாவைப் பாத்துக்க ஆள் வேணுமே! மாமாதான் போன்ல, 'இன்னும் மூணு மாசம் இருக்கட்டும்'னாரு."

முதல் பிரசவத்துக்கு என் அம்மா வீட்டுக்குப் போனபோதும் இதையேதான் சொன்னீர்கள். மறக்கவில்லை.

சோப்பைச் சுற்றி வைக்க உங்கள் பழைய துண்டு ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பேத்தி எழுந்துவிட்டாள். மகளையும் மருமகனையும் மன்னித்துவிட்டேன். உங்களை மன்னிக்க மாட்டேன்.