பொட்டு வைத்த மஞ்சள் துண்டுகள்

செப்டம்பர் 22, திங்கள்

பின்னே நீயே சொல்லு கல்யாணப் பெருமாளே, துண்டு துவைக்கிறதுக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டா? நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கார் கழுவிப் பாலிஷ் போடும் கடை வைத்திருக்கிற என் தம்பி மகன் ஜெயக்குமார், இந்த மைக்ரோஃபைபர் துண்டுக்கு எனக்கு நடத்திய பாடம் அதுக்கும் மேலே. மஞ்சள் துண்டு காரின் மேலுக்கு. நீலம் கண்ணாடிக்கு. கறுப்பு சக்கரத்துக்கு. மூன்றையும் மிஷினில் ஒன்றாகப் போடக் கூடாது. என் நூல் புடவையோடு போட்டால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். கொதிக்கும் வெந்நீர் ஆகாது, இஸ்திரி ஆகவே ஆகாது. முதல் மாதம் நான் மணக்கட்டும் என்று வாசனை லிக்விட் ஊற்றிவிட்டேன். துண்டு மல்லிகைப்பூவாக மணந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. "இன்னா அத்தே, காருக்கு சீமந்தமா பண்றோம்?" என்று கேட்டான்.

மாடியில் காயப்போட்டால் திருவிடந்தைக் கடல்காற்று மணலைக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு மணல் போதுமாம், பெயிண்டில் கோடு விழ. அதனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள் அறையில் கொடி கட்டி ஃபேன் காற்றில் காயவைக்கிறேன். பச்சைக் குழந்தைக்குப் பார்க்கிற மாதிரி. அவனுக்கு அப்படிப் பார்த்தவள்தானே நான். பிள்ளை இல்லை என்று என்னைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய அதே மாதம் தம்பி பொண்டாட்டி போய்ச் சேர்ந்தாள். நாலு வயசுப் பிள்ளை என் மடிக்கு வந்தான். தம்பியும் அதிக நாள் இருக்கவில்லை. இருபத்தேழு வருஷம் ஆகிறது. எனக்கு வேறு யார்?

செப்டம்பர் 27, சனி

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. உனக்குத் தளிகை போட்டு முடித்ததும் ஜெயா பின்னால் வந்து நின்றான். "அத்தே, ஒரு பொண்ணு கீது." பேர் அனு. அப்பா லக்ஷ்மிநாராயணன், கல்பாக்கத்தில் ஆபீசர். விஜயதசமி அன்றைக்குக் கடையைப் பார்க்க வருகிறாராம், புதுக் கறுப்புக் காரோடு. "கார் கழுவுறவனுக்கா பொண்ணு குடுக்கறதுன்னு அவருக்கு ஒரு இது. நம்ம வேலைய கண்ணால பாத்தாருன்னா சரியாய்டும்."

பெஞ்சமின் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஆறு வருஷமாகக் கடையில் பாலிஷ் போடுகிறவர், இரண்டு பெண்களைப் பெற்றவர். "அக்கா, மாமியார் ஆவப் போற. இனிமே என்னை 'டேய்'ங்காத, சம்பந்தி வூட்டுல கேவலம்" என்றார். "போடா டேய்" என்றேன்.

ராத்திரி சாப்பிடும்போது ஜெயா சொன்னான்: "பாத பூஜைக்கு மேடையில அம்மா எடத்துல நீதான் உக்காரணும் அத்தே. எவன் இன்னா சொன்னாலும்." எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தண்ணீர் பீய்ச்சும் மோட்டார், பாலிஷ் மிஷின், என் வாஷிங் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பூசணிக்காயைப் பெஞ்சமின்தான் உடைத்தார். "ஏசப்பா கோச்சிக்க மாட்டாரா?" என்றேன். "அவருக்குத் தச்சு வேலை அக்கா, ஆயுதம் வெச்சிருந்தவருதான்" என்றார்.

ஜெயா பொரி வாங்கப் போன நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. என் ஆயுதம் எது? துண்டுதானே. புதிதாக வந்த மஞ்சள் துண்டு பன்னிரண்டையும் உன் படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனத்தைக் குழைத்து வைத்து, மேலே ஒரு துளி குங்குமம். நாளைக்கு இதால்தான் அந்தக் காரைத் துடைக்க வேண்டும். உன் பாதத்தில் வைத்து எடுத்த துண்டு பட்டால் எந்தக் காரியம் நிற்கும்?

அக்டோபர் 2, வியாழன்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

காலையில் துண்டுகளை உதறினேன், பிரஷ்ஷால் தட்டினேன். பூஜையில் வைத்ததை உடனே தண்ணீரில் முக்க மனசு வரவில்லை. பொட்டுப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்து, நானே பெஞ்சமின் கையில் கொடுத்தேன். "இத்தால தொடை, ராசியான துண்டு" என்றேன்.

லக்ஷ்மிநாராயணன் வந்தார். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசாதவர். கழுவி, துடைத்து, வண்டியை வெயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கறுப்புப் பெயிண்ட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடு. அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வாங்கி மூணு மாசம்தான் ஆச்சு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

ஜெயா பெஞ்சமினைப் பார்த்து, "கீழ வுழுந்த துண்ட எடுத்தியா?" என்றான். "இல்ல தம்பி." "பொய் சொல்லாத! தரையில வுழுந்தது சக்கரத்துக்குத்தான்னு எத்தினி வாட்டி சொல்லிகினு கீறேன்?" பெஞ்சமின் என்னைப் பார்த்தார். நான் காபித் தட்டோடு நின்றேன். லக்ஷ்மிநாராயணனிடம் சர்க்கரை போடலாமா என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

யாரும் இல்லாதபோது ஒரு துண்டை விரித்துப் பார்த்தேன். இழைக்குள் சந்தனம் காய்ந்து கல்லாகி உட்கார்ந்திருக்கிறது. கன்னத்தில் தேய்த்தேன், சுருக்கென்றது. மணல் வரும் என்று ஜன்னலைச் சாத்துகிறவளுக்கு இது ஏன் தோன்றவில்லை?

பன்னிரண்டையும் மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டேன். சுத்தமாகப் போய்விட்டது. யாரும் கண்டுபிடிக்க முடியாது. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

கோடெல்லாம் இரண்டு நாள் பாலிஷில் போய்விட்டது. ஜெயா வண்டியைக் கல்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டான். அப்பாடா என்று இருந்தேன். சாயங்காலம் பெஞ்சமினைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டான்.

போகும்போது பின்வாசல் வரை வந்தார். "வரேங்க்கா. ப்ரெஷர் மாத்திரைய நேரத்துக்குப் போடு." நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? பயமா பெருமாளே? கல்யாணம் நின்றுவிடும் என்றா? என்னைத் திட்டுவான் என்றா? ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும் – இல்லை, இது சாக்கு. சாக்குத்தான்.

அக்டோபர் 11, சனி

கடைசிச் சனி. உன் வாசல் வரை வந்தேன். உள்ளே வரவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

ஜெயாவிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எச்சில் கையோடு கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான், கை காய்ந்தே போயிற்று.

"தப்பு பண்ணதுக்கு கோவம் இல்ல அத்தே. துண்டுக்குப் பொட்டு தெரியாம வெச்ச, சரி. பதினஞ்சு நாளு என் எதிர்லயே சோறு போட்டுகினு இருந்தியே."

"கல்யாணம் கெட்டுடும்னு தாண்டா கண்ணு..."

"அனு அப்பா கேட்டாரு. அந்த ஆள விசாரிச்சுதான அனுப்பினன்னு. ஆமான்னேன். பெஞ்சமின் மூஞ்சிய நான் எப்டி பாப்பேன்?"

திட்டியிருக்கலாம். தட்டை விசிறியிருக்கலாம். கை கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பெஞ்சமின் வீட்டுக்குப் போனான்.

அக்டோபர் 19, ஞாயிறு

எழுந்து பார்த்தால் கொடி நிறைய துண்டு. அவனே துவைத்திருக்கிறான். மஞ்சள், நீலம், கறுப்பு, எல்லாம் சரியாக. என்னை எழுப்பவே இல்லை. நாளைக்குத் தீபாவளி.

நவம்பர் 10, திங்கள்

சொந்த ஊருக்கு வந்து பத்து நாள். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டாப்பில் இறங்கி ஷேர் ஆட்டோ. நானாகத்தான் கிளம்பினேன். "கொஞ்ச நாள் ஊர்ல இருக்கேண்டா" என்றால் "எதுக்கு அத்தே?" என்பான் என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தான்.

இன்றைக்குப் பெஞ்சமின் போன் செய்தார். திரும்பக் கடைக்கு வந்துவிட்டாராம். ஜெயாவே போய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்டானாம். "மன்னிச்சிரு தம்பி" என்று அழுதேன். "அக்கா, அன்னிக்கே பாத்தேன், துண்டுல செவப்பு. நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார்.

தெரிந்தே போயிருக்கிறார். ரெண்டு பொம்பளப் புள்ளய வெச்சிகினு, எனக்காக வாய மூடிகினு போயிருக்காரு. நான் சர்க்கரை போடலாமான்னு கேட்டுகினு நின்னேன்.

ஜனவரி 21, புதன்

ஜெயா வந்தான். இளைத்திருக்கிறான். லக்ஷ்மிநாராயணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். பெஞ்சமினையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னானாம். அதற்குப் பிறகுதான் அவர் கல்யாணத்துக்குச் சரி என்றாராம். கேட்டதும் உன்னைக் கும்பிட்டேன்.

அப்புறம் பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்தான். வெற்றிலை, பாக்கு, பழம், மேலே பத்திரிகை. நின்றபடி நீட்டினான். "பிப்ரவரி ஆறாம் தேதி அத்தே. வந்துடு."

ஊராருக்கு வைப்பது மாதிரி. வீட்டு மனுஷிக்கு யாராவது பத்திரிகை வைப்பார்களா? நானல்லவா அவன் பக்கத்தில் நின்று மற்றவர்களுக்கு வைக்க வேண்டியவள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். காபி போடுகிறேன் என்றேன். இன்னும் ஆறு வீடு இருக்கிறதாம்.

பிப்ரவரி 6, வெள்ளி

கல்யாணம் நன்றாக நடந்தது. பாத பூஜைக்குப் பெரியப்பா முறை தர்மராஜும் அவர் சம்சாரமும் உட்கார்ந்தார்கள். நான் ஐந்தாவது வரிசை, தூணுக்குப் பக்கம். பெஞ்சமின்தான் தேடி வந்து, "பந்தி ஆரம்பிச்சிட்டாங்க, எந்திரி அக்கா" என்று கூட்டிப்போய் இலைக்கு முன்னால் உட்காரவைத்தார்.

மேடை ஏறி மொய்க் கவரைக் கொடுத்தேன். "அத்தை" என்றான் அனுவிடம். அந்தப் பெண் சட்டென்று காலைத் தொட்டாள். அவன் போட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 7, சனி

காலையிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. விளக்கு மட்டும் ஏற்றினேன். நேற்றுக் கட்டியிருந்த பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைக்கப் போனால், அடியில் வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் கைக்குத் தட்டுப்பட்டது. என்ன என்று எனக்கே தெரியவில்லை. பிரித்ததும் காய்ந்த பூ உதிர்ந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பெண் அமைய வேண்டும் என்று உன் சன்னதியில் அவன் கழுத்தில் போட்டு ஒன்பது சுற்று சுற்றவைத்த மாலை. கல்யாணம் முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அதை உன்னிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று அன்றைக்கே பட்டர் சொன்னார். அவனுக்கு ஞாபகம் இருக்காது, அப்போதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அது என்கிட்டதான் கீது பெருமாளே.