மறுகால் பாதையில் ஒரு சீர்மனை

சம்பந்தி,

நேற்று காலை வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கைப்பேசியில் கனமழை எச்சரிக்கை வந்திருந்தது. வானத்தைப் பார்க்காமல் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவன் ஊரிலேயே நான் ஒருவன்தான் போலிருக்கிறது. கண்டக்டர் டிக்கெட்டை நீட்டிக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, மழை பஸ்ஸுக்குள்ளயா பெய்யுது?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் கழற்றவில்லை.

கழற்ற மனம் வராததற்கு அந்த வாசனைதான் காரணம். காலரில் நீங்கள் தடவும் யூக்கலிப்டஸ் தைலம் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டு மைனி இதை எடுத்துக் கொடுத்தபோது, "உங்களுக்குச் சரியா இருக்கும்" என்றார்கள். எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. உயரம் பொருந்தவில்லை. உங்கள் பயம் மட்டும் அளவெடுத்துத் தைத்தது போல எனக்குப் பொருந்திவிட்டது.

நீங்கள் நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். நான் பத்தாம் வகுப்பில் கணக்கோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். உங்கள் மகனுக்கு என் மகளைக் கொடுத்தபோது, சீராக ஒரு மனையும் கொடுத்தேன். பாளையங்கோட்டைக்குத் தெற்கே, இரண்டு குளங்களுக்கு நடுவே, கல் ஊன்றிச் சாலை போட்ட மனைப்பிரிவு. சீர்மனையில் வீடு எழும்பினால்தான் பெண்ணைப் பெற்றவனுக்கு மரியாதை. நீங்களோ வருஷா வருஷம், "இப்போ வேண்டாம், அடுத்த வருஷம் பாப்போம்" என்று தள்ளிக்கொண்டே போனீர்கள். ராகு காலம், எமகண்டம் எதுவும் பார்க்காத கிறிஸ்தவ சபைக்காரர், அஸ்திவாரத்துக்கு மட்டும் நாள் தள்ளினால் நான் என்னவென்று நினைப்பது?

என் வீட்டுக்காரி தீர்ப்பே எழுதிவிட்டாள். "இடம் சின்னதுன்னு மனசுல வச்சிருக்காரு. பாட்டு என்னமோ பரலோகத்தைப் பத்திதான் படிக்காரு, கண்ணு பூரா மனை மேலதான்."

ரோஷத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். மைனி கொடுத்த காப்பியைத் தொடாமலே கேட்டேன். "இடத்துல என்ன குறை? வாய்விட்டுச் சொல்லுங்க. வேற எடுத்துத் தாரேன்."

நீங்கள் பைக் சாவியை எடுத்தீர்கள். "வாங்க, மணிமுத்தாறு வரைக்கும் போயிட்டு வருவோம்."

சமாதானம் செய்ய அருவிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்து, வழியில் ஒரு துண்டும் ஒரு பொட்டலம் மிக்சரும் வாங்கிக்கொண்டேன். நீங்கள் அருவிப் பக்கமே திரும்பவில்லை. அணைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வண்டியைத் திருப்பி, ஆற்றோடு கிழக்கே வந்தீர்கள். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். தூர்ந்துபோன குளத்தில் ஒரு மண்டபம். வயலை மேடாக்கி மனைப்பிரிவு. கால்வாயை ஒடுக்கி ஒரு சாலை. "இதுக்கு அனுமதி இருக்கு. சரியா?" என்று கேட்டீர்கள். "சரிதான்" என்றேன். "இது?" "இதுவும் சரிதான்."

கடைசியாக என் சீர்மனைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினீர்கள். "இதுவும் சரிதான். எல்லாமே சரியாத்தான் இருக்குவே. அதுதான் பயமா இருக்கு."

அன்றுதான் முதன்முதலாக என்னை உரிமையோடு 'வே' போட்டுப் பேசினீர்கள். எனக்கு ரோஷம் போய்விட்டது.

மேல்குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்துக்குப் போகும். அந்த வழியில்தான் மனை கிடக்கிறது என்று காட்டினீர்கள். "இந்த ஒத்தை வீட்டால ஒண்ணும் ஆவாது. ஆனா மலையடிவாரத்துலேர்ந்து இங்கன வரைக்கும் தண்ணி நிக்கிற இடத்தையெல்லாம் ஆளுக்கொண்ணா எடுத்தாச்சு. அம்புட்டுத் தண்ணியும் எங்க போவும்?"

மிக்சரை நடுவில் பிரித்து வைத்துக்கொண்டு பேசினோம். "நம்ம சபை அசன விருந்துல சாம்பார் கொதிக்கும்போது பாத்திருக்கீருல்லா? போறவன் வாறவன்லாம் ருசி பாத்து ஒரு கை உப்பு போடுதான். அவனவன் போட்டது சரிதான். அண்டாவை யாரு பாத்தா?"

ஊருக்கு வரைபடம் போட்டு வண்ணம் அடிப்பதற்கு முன்பே, அது மொத்தப் பள்ளத்தாக்குக்கும் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும், வேறு விதமாக வரைந்தால் என்ன ஆகும் என்று அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றீர்கள். அதற்கு உத்திசார் சுற்றுச்சூழல் மதிப்பீடு என்று பெயராம்.

"பேரே இம்புட்டு நீளமா இருந்தா எவன் செய்வான்?" என்றேன்.

"அதான் எவனும் செய்யல. பெரிய கட்டடம் ஒண்ணு வந்தா அதை மட்டும் பாப்பாங்க. ஊரையே வரையும்போது இங்க அது கட்டாயமில்ல" என்றீர்கள்.

அதற்குப் பிறகும் உங்களைக் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். 'தூறலுக்கே குடை தேடும் சம்பந்தி' என்று கல்யாண வீடுகளில் மைக்கிலேயே சொல்லியிருக்கிறேன். அந்த மார்கழி வெள்ளம் வந்த பிறகுதான் வாயை மூடினேன்.

மழை கொஞ்சம் விட்டதும் இருவரும் போய் மேட்டுச் சாலையில் நின்றோம். மனைக்கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. செம்மண் கலந்த தண்ணீர், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இரைச்சலோடு வந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். யார் வீட்டு ஃபிரிட்ஜோ ஒன்று மல்லாந்து, கதவு திறந்து திறந்து மூடியபடி, நம் மனையைக் கடந்து போனது. "பாருங்க, குளுகுளுன்னு போவுது" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"கட்டியிருந்தா, பிள்ளை உள்ள தூங்கிட்டு இருப்பான்" என்று மட்டும் சொன்னீர்கள். நம் பேரனைத்தான் சொன்னீர்கள்.

தண்ணீர் வடிந்தது. மனைக்கற்கள் மறுபடி தெரிந்தன. யாரோ அவற்றுக்கு வெள்ளையும் அடித்துவிட்டார்கள். நீங்களும் போய்விட்டீர்கள். இப்போது ஊருக்கு மாஸ்டர் பிளான் என்கிற முழுமைத் திட்டத்தின் புதிய வரைவு வந்திருக்கிறது. அதில் அந்தப் பக்கம் முழுவதும் மஞ்சள். மஞ்சள் என்றால் குடியிருப்பு. வங்கியில் கடன் தருகிறேன் என்கிறார்கள். தை பிறந்ததும் அஸ்திவாரக் கல் போட்டுவிடலாம் என்று பிள்ளைகள் நிற்கிறார்கள்.

உங்கள் மகனிடம் பைய எடுத்துச் சொன்னேன். "மாமா, நீங்களுமா? அப்பா மாதிரியே பேசுதீங்களே! மண்ணடிச்சு உசத்திக்கிடுவோம்."

"உசத்துனா தண்ணி அடுத்த வீட்டுக்குப் போவும். அவனும் உசத்துவான். அப்புறம்?"

"அப்போ எல்லாரும் உசரத்துல இருப்போம்" என்று சிரித்தார். கேலி செய்தே காலம் கழித்தவனுக்கு இது வேண்டியதுதான்.

மேற்கே மேகம் கறுத்தால் கைப்பேசியில் எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று தேடுகிறேன், சம்பந்தி. பக்கத்து வீட்டுத் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டால்கூட எழுந்து போய் வாசலைப் பார்க்கிறேன். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி அமைதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தீர்கள்?

நேற்று பஸ் ஏறிப் போனது அந்த வரைவுக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத்தான். ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மைக், என் போட்டிக் கடைக்காரனுடையது, கரகரவென்றது. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் "எங்க சர்வே நம்பரையும் மஞ்சளாக்குங்க" என்றே கேட்டார்கள். என் முறை வந்தது. மைக் கைக்கு வந்ததும் பழக்க தோஷத்தில், "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்றுவிட்டேன். மண்டபம் அதிர்ந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன். "எங்க இடம் மஞ்சளாத்தான் இருக்கு. அந்த மஞ்சளை முடிவு பண்ணுறதுக்கு முன்னால, மலையடிவாரத்துலேர்ந்து ஒவ்வொரு குளமா, கால்வாயா, மொத்தத்தையும் ஒரே தடவையில சேத்துப் பாருங்கம்மா."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கிடைச்ச மஞ்சளை வேண்டாம்ங்குத ஆளை இப்பதாம்ல பாக்கேன்!"

"அந்தக் கோட்டைக் கழத்தச் சொல்லு. சூட்டுல பேசுதாரு."

அதிகாரி பொறுமையான அம்மா. "ஒவ்வொரு கட்டட அனுமதி வரும்போதும் பாத்துக்கிடுவோம், ஐயா" என்றார். நான் உங்கள் அசனச் சாம்பாரைச் சொன்னேன். கூட்டம் மறுபடி சிரித்தது. அவர் சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டார். வெறுமனே 'சாம்பார்' என்று குறித்திருந்தால்கூட எனக்குப் போதும்.

வாசலுக்கு வருவதற்குள் மகள் கூப்பிட்டுவிட்டாள். "எப்பா, என்ன சொன்னாங்க? தையில கல்லு போடலாம்லா?"

"அங்கன வேண்டாம், மக்ளே."

முதல் தடவையாக நேராகச் சொன்னேன். அவளுக்குப் பின்னால் பேரன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க தந்த இடம்ப்பா அது."

"ஆமா. தந்தவனே வேண்டாம்ங்கேன்."

கோபப்படுவாள் என்று பார்த்தேன். படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "சரிப்பா. அப்போ எங்க கட்டணும்? தண்ணி வராத இடம் எதுன்னு நீங்களே சொல்லுங்க. அங்கன கட்டுதோம்."

நீங்கள் இருந்திருந்தால் போனை உங்கள் கையில் கொடுத்திருப்பேன். நீங்களும், மொத்தத்தையும் பார்க்காமல் ஒரு ஆள் சொல்லிவிட முடியாது என்றுதான் சொல்லியிருப்பீர்கள். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. என் நாக்கு வழக்கம்போல ஒரு வேடிக்கையைத் தேடி எடுத்தது.

"நம்ம சபைக் கோயில் கோபுரத்துல இடம் இருக்கான்னு பாஸ்டர் ஐயரைக் கேட்டுப் பாக்கேன், மக்ளே."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

'எனக்குத் தெரியல மக்ளே, பயமா இருக்கு' என்று நான் சொல்லவில்லை.