அம்மாவின் கல்லில் பேனாப்பெட்டி

அப்பாவுக்கு,

நேரில் நின்றால் எனக்குப் பேச வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று அம்மாவை அடக்கிய கபுரில் கல் பதித்ததும் கல்தச்சர் முஸ்தகீம் சாச்சாவைத் திட்டினீர்கள். "ஆம்பளைக்கு வைக்கிற பேனாப்பெட்டியப் பொம்பளை கல்லுல செதுக்கியிருக்கியே, கண்ணு அவிஞ்சு போச்சா?"

"வயசாயிடுச்சு பாய், கை தப்பிடுச்சு" என்று அவர் தலைகுனிந்தார்.

கை தப்பவில்லை. செதுக்கச் சொன்னவள் நான்.

முறை தெரியாமல் சொல்லவில்லை. ஆக்ராவின் பழைய கல்லறைகளை அளந்து குறிப்பதுதானே என் வேலை. ஆணின் கல்மேல் பேனாப்பெட்டி, பெண்ணின் கல்மேல் வெறும் எழுத்துப்பலகை. அவன் எழுதுகிறவன், அவள் எழுதப்படுகிறவள் என்று பொருள். முந்நூறு கல்லறைகளுக்கு இதையே குறித்துவிட்டேன்.

போன குளிர்காலத்தில் அம்மா பேனா கேட்டபோது, "கலெக்டர் வேலைக்கா போகப்போற?" என்று சிரித்தீர்கள். அம்மாவும் சிரித்தார். மறுநாள் நீங்கள் கடைக்குப் போனதும் எழுதப் பழக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு மாதம் அப்படித்தான். உங்கள் செருப்புச் சத்தம் கேட்டால் தாளை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பேனாப்பெட்டியைக் கொத்தி எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். சாச்சாவை விட்டுவிடுங்கள். எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் நானே உளி பிடிக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அம்மா முதலில் எழுதக் கேட்டது உங்கள் பெயரைத்தான். அது திருத்தமாக வந்த பிறகே தன் பெயரைத் தொடங்கினார். இரண்டாம் எழுத்தில் இருக்கும்போது மருத்துவமனைக்குப் போனோம்.

உங்கள் மகள்