கோல்கீப்பருக்கு வந்த விலை

டிசம்பர் 9

பஸ்ஸில் ஹீட்டர் மறுபடி மக்கர். பிள்ளைகள் எல்லாம் ஜாக்கெட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் ஊமையாக வந்தன. அந்த வகையில் எனக்கு நிம்மதி.

வீட்டுக்கு வந்தால் டார்சி ஒரு சட்டி மக்ரோனியை ஒற்றை ஆளாகக் காலி பண்ணிக்கொண்டிருக்கிறான். நான் ஓட்டுகிற பஸ்ஸை நடந்து வருகிற பிள்ளைகள் முந்திவிடுகிறார்களாமே என்று கேட்கிறான். கொழுப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐஸ் ஹாக்கி டீமுக்கு எடுத்து, வெளியூர்ப் பையன்களை உள்ளூர் வீடுகளில் தங்கவைக்கிற கிளப் வழக்கப்படி எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கொண்டுவந்து விட்டபோது, அவன் அம்மா ஃபோன் பண்ணினாலே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பான். இப்போது பத்தொன்பது. ஊரே நம்பியிருக்கிற கோல்கீப்பர்.

ஓரெஸ்ட் இன்றைக்கும் எங்கோ ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறார். எந்த டீமில் எவன் எப்படி ஆடுகிறான், நம் ஆளைக் கொடுத்தால் பதிலுக்கு என்ன கேட்கலாம் என்று கிளப்புக்கு எடை போட்டுச் சொல்வதுதானே அவர் வேலை. ஜனவரி ஒன்பதாம் தேதியோடு ஆள் மாற்றுகிற கெடு முடிகிறது. அதுவரை என் புருஷன் இந்த வீட்டுக்கு விருந்தாளி.

டிசம்பர் 15

டார்சி மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறினான். என்னடா என்றேன். ஒன்றுமில்லை என்றான். பிடித்து உட்காரவைத்துக் கேட்டபிறகுதான் வாயைத் திறந்தான். இடது இடுப்பு. போன மாதத்திலிருந்தே. காலையில் சாக்ஸ் போடக் காலைத் தூக்க முடியவில்லை. இவன் கோல் காக்கிற முறை அப்படி: ஐஸில் முழங்கால் போட்டு விழுந்து, இரண்டு காலையும் இரண்டு பக்கமும் வீசவேண்டும். ஒவ்வொரு முறையும் உள்ளே கத்தி திருகுகிற மாதிரி இருக்கிறதாம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க லெஸ்யா. சொன்னா உட்காரவச்சிடுவாங்க. இந்த வருஷம் கப் நமக்குத்தான்."

சரி என்றுதான் தலையாட்டினேன். ஆனால் இது தலையாட்டிவிட்டுச் சும்மா இருக்கிற விஷயமா?

டிசம்பர் 17

காலையில் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது ஓரெஸ்டிடம் சொல்லிவிட்டேன். முதலிலேயே சொன்னேன் — இதைக் கிளப் ஆளிடம் சொல்லவில்லை, என் புருஷனிடம் சொல்கிறேன், யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று முழுசாகக் கேட்டார். எந்தப் பக்கம், எவ்வளவு நாளாக, உட்கார்ந்தால் வலிக்கிறதா நடந்தால் வலிக்கிறதா — டாக்டரே இவ்வளவு கேட்டிருக்கமாட்டார்.

"நீ கவலைப்படாத லெஸ். நான் பார்த்துக்கறேன்."

மனசு லேசாக இருக்கிறது. கேக்கூட ஒழுங்காக உப்பி வந்தது.

டிசம்பர் 21

இன்றைக்கும் டார்சிதான் கோலில் நின்றான். ஓய்வு கொடுப்பார்கள் என்று பார்த்தேன்.

டிசம்பர் 28

மறுபடியும் டார்சி. மாற்று கோல்கீப்பர் பெஞ்சில் தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவு திறந்துவிடுகிற வேலை பார்க்கிறான். டார்சி மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம். ஜெயிக்கிறான் — அதைச் சொல்லியாக வேண்டும். ஊர் எழுந்து நின்று கைதட்டுகிறது. நான் அவன் எழுந்திருக்கிற விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுகிறான்.

மேல் வரிசையில் வெளியூர்க் கிளப் ஆட்கள். கறுப்புக் கோட்டும் கையில் காப்பியுமாக. நடுவில் ஓரெஸ்ட், கல்யாண வீட்டு மாமன் மாதிரி எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு.

டாக்டர் என்ன ஆயிற்று என்று காரில் கேட்டேன். விடுமுறை முடியட்டும் என்றார். விடுமுறையில் டாக்டர்களுக்குக் கண் தெரியாதோ?

ஜனவரி 6

பழைய காலண்டர் கணக்கில் நாளைக்குத்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ்; இன்றைக்கு அதற்கு முந்தைய ராத்திரி விருந்து. பன்னிரண்டு பதார்த்தம், இறைச்சி இல்லாமல். கை ஒடிந்துவிட்டது. டார்சி கோதுமைப் பாயசத்தை மட்டும் மூன்று முறை வாங்கிக்கொண்டான். அவன் மென்னோனைட் சபை வீட்டுப் பிள்ளை, கிறிஸ்துமஸை இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே முடித்துவிட்டவன். இரண்டு முறை கொண்டாடுகிறவனுக்குத்தான் சொர்க்கத்தில் இடமாம், ஓரெஸ்டைப் பார்த்துச் சொன்னான். ஓரெஸ்ட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாப்பாட்டு மேஜையில் யாரை மாற்றுவார்கள் என்று கேட்கக் கூடாது, ஓரெஸ்டும் சொல்லக் கூடாது. மூன்று வருஷத்தில் டார்சி அதை ஒருமுறைகூட மீறினதில்லை. இன்றைக்குக் கேட்டான், கரண்டியை வைத்துவிட்டு, மெதுவாக:

"ஓரெஸ்ட், என்னை அனுப்பிடுவாங்களா?"

"உன்னை அனுப்பிட்டு கோல்ல யாரை நிக்கவைக்கிறது, என்னையா? சாப்பிடுடா."

அவன் முகம் மலர்ந்தது. எனக்கும்தான். அப்புறம் பாத்திரம் கழுவுகிறேன் என்று அவனே வந்து நின்றான்.

ஜனவரி 9

அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸை விட்டுவிட்டு வருகிறேன், அவன் வண்டி வாசலில் இஞ்சின் ஓடியபடி நிற்கிறது. பின்கதவு திறந்து கிடக்கிறது. மட்டைகள், மூட்டை, இஸ்திரி போடாத சட்டைகள். மலைக்கு அந்தப் பக்கம், கடலோரக் கிளப். சாயங்கால விமானம். உதவிக்கு வந்த டீம் பையன் ஒருத்தன் என்னைப் பார்த்ததும் வெளியே போய்விட்டான்.

டார்சி என்னைக் கட்டிப்பிடிக்க வரவில்லை. நான் போனேன், அவன் பின்னால் நகர்ந்தான்.

"மேனேஜர் மர்டோ கூப்பிட்டாரு. கை குடுத்தாரு. கடைசில சொன்னாரு — அங்க போய் இடுப்பைப் பத்தி வாய் திறக்காத, உனக்கும் நல்லது எங்களுக்கும் நல்லதுன்னு." மூட்டையின் ஜிப்பை இழுத்து மூடினான். "உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன் லெஸ்யா."

நான் என்ன சொல்ல? இல்லடா, நான் மர்டோகிட்ட சொல்லலடா. மேனேஜரை நான் பார்த்தே ஒரு மாசம் ஆகுது. வாய் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. யார் சொல்லியிருப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிந்தது.

வண்டி போய்விட்டது. அவனுக்குக் கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம்கூடக் கொடுக்கவில்லை நான்.

ஓரெஸ்ட் இருட்டுகிற நேரத்துக்கு வந்தார். வந்தான். இன்றைக்கு அவருக்கு மரியாதை எழுத எனக்குக் கை வரவில்லை. பிஸ்ஸா வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். பிஸ்ஸா! கேட்டேன். மறைக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். நல்ல விலையாம். வரப்போகிற புதுப் பையன்களில் முதல் சுற்றிலேயே ஆள் எடுக்கிற உரிமை இரண்டு, கூட ஒரு தடுப்பாட்டக்காரன். வசந்தம் வரைக்கும் வைத்திருந்தால் இடுப்பு வெளியே தெரிந்துவிடும், யாரும் சீந்தமாட்டார்கள். அதனால்தான் தினமும் ஆடவிட்டார்களாம். வெளியூர்க்காரர்கள் கண்ணுக்கு ஜெயிக்கிறவனாகத் தெரியவேண்டுமாம். வெட்டப்போகிற ஆட்டுக்கு மாலை போட்டிருக்கிறார்கள், நானும் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நீ சொன்னதும் அவன் மதிப்பு எனக்குத் தெரிஞ்சுபோச்சு லெஸ். தெரிஞ்சதை எப்படித் தெரியாத மாதிரி இருக்கறது? அதுதானே என் வேலை."

"நான் உன் வேலைகிட்டயா சொன்னேன்?"

டப்பாவை என் பக்கம் தள்ளினான். பிஸ்ஸா ஆறிக்கொண்டிருந்தது.

மூன்று நாளைக்கு முன்னால் டார்சி கண்ணைப் பார்த்து — இல்லை, பார்க்கவே இல்லையே. தட்டைப் பார்த்துத்தானே சொன்னான். நான்தான் கவனிக்கவில்லை. இருபத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவள் கவனிக்கவில்லை. கூட இருந்தே குழி பறிப்பது என்று சொல்வார்கள். குழி பறிக்க மண்வெட்டியை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

ஜனவரி 10

பையன் மாறிப்போனால், பழைய வீட்டு அம்மா புது வீட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லவேண்டும். எங்கள் வழக்கம். கிளப்புகள் சண்டை போட்டுக்கொள்ளலாம், நாங்கள் போட்டுக்கொள்வதில்லை. டார்சி வந்தபோது அவன் அம்மா எனக்கு ஒரு மணி நேரம் சொன்னாள்.

எனக்கு முன்னால் ஓரெஸ்ட் வந்து நின்றார். சாப்பாடு சொல், தூக்கம் சொல், இடுப்பை மட்டும் சொல்லாதே என்றார். நாளைக்கு அங்கே டாக்டர் பரிசோதனை. அதைத் தாண்டிவிட்டால் பேச்சு முடிந்தது. பரிசோதனையில் தெரியாதா என்றேன். யாராவது வலி என்று சொன்னால்தான் உள்ளே படம் எடுப்பார்கள், இவன் சொல்லமாட்டான் என்றார். அப்புறம் தாழ்ந்த குரலில், மர்டோ தன்னை உதவி மேனேஜராகப் போடப்போகிறார், இந்தப் பேரம் முறிந்தால் எல்லாம் போச்சு என்றார். கெஞ்சினார் என்றுதான் எழுதவேண்டும்.

டார்சியும் சொல்லாதே என்றுதான் சொன்னான். அதை நினைத்துக்கொண்டு ஃபோனைக் கையில் வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நடீன் என்று பேர். நல்ல குரல். காளான் ஆகாது, ஆட்டத்தன்று மதியம் எழுப்பக் கூடாது, தோற்ற அன்றைக்குக் கேள்வி கேட்கக் கூடாது, தானாக வந்து பேசுவான் — எல்லாம் சொன்னேன். ஓரெஸ்ட் சமையலறை வாசலில் நிற்கிறார்.

"இன்னொண்ணு நடீன். அவனுக்கு இடது இடுப்பு போயிருக்கு. உள்ள படம் எடுக்கச் சொல்லுங்க."

"நான் யார்கிட்ட சொல்லணும்?" என்றாள்.

"நேரா டாக்டர்கிட்ட. வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லாதீங்க."

ஓரெஸ்ட் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜனவரி 15

படம் எடுத்திருக்கிறார்கள். மூட்டுக்குள் கிழிந்திருக்கிறதாம். அறுவை சிகிச்சை. இந்த வருஷ ஆட்டம் முடிந்தது. ஓரெஸ்டிடம் சொன்னேன். தெரியும் என்றார்.

ஜனவரி 19

டார்சியிடமிருந்து ஒரே ஒரு வரி. "ரெண்டு தடவை சொல்லிட்டீங்க."

பத்து முறை எழுதி அழித்தேன். முதல் முறை சொன்னதற்கு என்னைச் செருப்பால் அடி. இரண்டாவதை நாளைக்குக் கேட்டாலும் சொல்வேன். இதை அவனுக்கு எழுதவில்லை. வலி நின்றால் போதும்டா என்று மட்டும் அனுப்பினேன். பதில் வரவில்லை.

பிப்ரவரி 11

நடீன் பேசினாள். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. இந்த சீசன் முழுக்க ஆடியிருந்தால் முப்பது வயதில் கைத்தடி என்றாராம் டாக்டர். நன்றாகச் சாப்பிடுகிறானாம். என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்றேன். "இன்னும் இல்ல லெஸ்யா" என்றாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

மார்ச் 2

கடலோரக் கிளப் சண்டை போட்டு ஒரு உரிமையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஒன்று எங்களிடம் தங்கிவிட்டது. அது போதும் போல. ஓரெஸ்ட் உதவி மேனேஜர் ஆகிவிட்டார். மர்டோ வீட்டில் விருந்து. எனக்குத் தலைவலி என்று சொல்லச் சொன்னேன்.

மார்ச் 23

ஓரெஸ்ட் ஒரு வாரம் வெளியூர்ச் சுற்று முடித்து இன்றைக்குத்தான் வந்தார். நல்ல மனநிலை. அல்பெர்ட்டா மாகாணத்தில் ஒரு கோல்கீப்பரைப் பார்த்தாராம், பதினாறு வயது, தங்கமான பையன், அம்மா செல்லமாம். அந்த உரிமையை வைத்து இவனைத்தான் எடுக்கப்போகிறார்களாம். நம் வீட்டுக் கீழ் ரூமைத்தான் அவன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாராம்.

அந்த ரூமில் ஆள் இருக்கிறது என்றேன்.

யாரு, என்னைக் கேக்காம யாரை வச்ச என்றார். நான் விளக்கை அணைத்துவிட்டு, என் தலையணையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.